போக்கரில் வேரியன்ஸ்: நீண்டகாலக் கணக்கைப் பார்க்கும் முறை

டெக்சாஸ் ஹோல்டம் மேசையில் உங்கள் கையில் இரண்டு ஏஸும் எதிரே இருப்பவர் கையில் இரண்டு கிங்கும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பொதுச் சீட்டு ஒன்றுகூட விழுவதற்கு முன்பே இருவரும் ஆல்-இன் சென்று, கையிலிருந்த சில்லு முழுவதையும் போட்டுவிட்டீர்கள். ஆளுக்கு 100 பெரிய பிளைண்ட் நடுவில் சேர்ந்துவிட்டது. பெரிய பிளைண்ட் என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் சீட்டுப் போடுமுன் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; அதையே அலகாக வைத்துத்தான் இங்கே கணக்கு. போக்கரில் இதைவிட நல்ல நிலைமை எளிதில் அமையாது. இரண்டு ஏஸ் கிடைப்பதே சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். இந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 100-க்கு 82 முறை நீங்கள் வெல்வீர்கள், 18 முறை தோற்பீர்கள். அதன்படி இந்த ஓர் ஆட்டத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது பல முறை ஆடினால் வரும் சராசரி, 64 பெரிய பிளைண்ட் லாபம் ஆகிறது. ஆனால் அந்த 64 ஒருபோதும் கைக்கு வருவதில்லை. நூறு வரும், அல்லது நூறு போகும். எதிர்பார்ப்பு மதிப்பைச் சுற்றி உண்மையான முடிவுகள் இப்படிச் சிதறிக் கிடப்பதைத்தான் போக்கர் ஆடுபவர்கள் வேரியன்ஸ் என்கிறார்கள்.

இதே நிலைமை ஐந்து முறை வந்தால் ஐந்தையும் வெல்வதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு மட்டுமே. அதாவது, ஆட்டத்தின் மிகச் சிறந்த கையை வைத்துக்கொண்டு ஐந்து முறையும் பிழையில்லாமல் ஆடியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஒரு முறையாவது முழுப் பணத்தையும் இழந்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரையில் ஆட்டம் என்று சொல்வது ஒரு முறை சீட்டுப் போட்டு, பணம் ஒருவர் பக்கம் சேர்வது வரையிலானதை. மேசையில் உட்காரக் கொண்டுவரும் தொகையான பை-இன் என்பது 100 பெரிய பிளைண்ட். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது. எனவே இங்கே வரும் இணைய ஆட்டக் கணக்குகள், அது சட்டப்படி நடக்கும் நாடுகளில் ஆடுபவர்களுக்கும், கணக்கைக் கணக்காகவே அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் உரியவை.

முதலில் இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்

நீண்டகாலக் கணக்கைப் பார்க்க இரண்டு எண்கள் போதும். ஒன்று வெற்றி வீதம், அதாவது 100 ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை பெரிய பிளைண்ட் லாபம் என்பது. மற்றது, பள்ளிப் புள்ளியியலில் நாம் படித்த அதே திட்ட விலக்கம். போக்கர்டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்ற மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கு இரண்டையும் அவையே கணக்கிட்டுத் தரும். நேரடி மேசையில் ஆடுபவர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, தோராயமாக 100 ஆட்டத்துக்கு ஒரு முறை தன் முன்னால் இருக்கும் சில்லுகளை எண்ணி எழுதிவர வேண்டும். மணிக்கு 30 ஆட்டம் என்ற வேகத்தில் அது மூன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான ஒரு பதிவு. ஐம்பது அறுபது பதிவு சேர்ந்ததும் திட்ட விலக்கத்தை எடுத்துவிடலாம். இரண்டு எண்களில் விரைவாக நிலைபெறுவது அதுதான். வெற்றி வீதம் நிலைபெறுவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

ஆறு பேர் உட்காரும் நோ-லிமிட் ஹோல்டம் மேசையில் திட்ட விலக்கம் 100 ஆட்டத்துக்கு 80 முதல் 100 பெரிய பிளைண்ட் வரை இருக்கும். ஒன்பது பேர் மேசையில் சற்றுக் குறையும். பாட்-லிமிட் ஒமாஹாவில் 120-ஐத் தாண்டிவிடும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் 90 என்று வைத்துக்கொள்வோம். வெற்றி வீதம் 100 ஆட்டத்துக்கு 5 என்று கொள்வோம். அது நல்ல ஆட்டக்காரருக்கு உரிய வீதம்தான். ஐந்தையும் தொண்ணூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன ஏஸ்–கிங் ஆட்டத்தை ஒரே ஒரு முறை தோற்றால் போகும் 100 பெரிய பிளைண்ட், இந்த வீதத்தில் 2000 ஆட்டங்களின் லாபத்துக்குச் சமம்.

வர்க்கமூலம் செய்யும் வேலை

ஆட்டங்களின் எண்ணிக்கை கூடும்போது எதிர்பார்க்கும் லாபம் அதே விகிதத்தில் கூடுகிறது. சிதறலோ, அதாவது மொத்த முடிவின் திட்ட விலக்கமோ, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான் கூடுகிறது. மற்ற எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருபவை.

நம் ஆட்டக்காரர் 10,000 ஆட்டம் ஆடுகிறார். அது நூறு நூறாக 100 தொகுதி. எதிர்பார்க்கும் லாபம் 500 பெரிய பிளைண்ட். நூறின் வர்க்கமூலம் பத்து என்பதால் சிதறல் 90-ஐப் போல் பத்து மடங்கு, அதாவது 900. லாபத்தைவிடச் சிதறல் பெரிது. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால், இவர் 10,000 ஆட்டத்தின் முடிவில் நஷ்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 29 விழுக்காடு. ஒரு லட்சம் ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் 5000, சிதறல் ஏறக்குறைய 2850, நஷ்ட வாய்ப்பு 4 விழுக்காடு. அப்போதுகூட அவருடைய உண்மையான வெற்றி வீதத்தை 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல வேண்டுமானால், கணக்கில் தெரியும் எண்ணுக்கு மேலும் கீழும் 5.6 இடம் விட வேண்டியிருக்கிறது. கணக்கில் 5 என்று தெரிகிறவர் உண்மையில் 10 எடுப்பவராகவும் இருக்கலாம், லாபமே இல்லாதவராகவும் இருக்கலாம். நேரடி மேசையில் ஒரு லட்சம் ஆட்டம் என்பது 3300 மணி நேரத்துக்கு மேல் என்பதையும் நினைவில் வையுங்கள். வாரம் 40 மணி நேரம் ஆடினாலும் ஒன்றரை ஆண்டு கடந்துவிடும்.

வெற்றி வீதம் பாதியானால் தேவைப்படும் ஆட்டங்கள் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றன. எதிர்பார்க்கும் லாபம் சிதறலைப் போல் இரு மடங்காக இருக்க வேண்டும் என்று அளவு வைத்தால், 5 எடுப்பவருக்கு 1,29,600 ஆட்டம் தேவை, 2.5 எடுப்பவருக்கு 5,18,400 ஆட்டம் தேவை. மேசை நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும், அதாவது நடுவில் சேரும் பணத்திலிருந்து, எடுக்கும் ரேக்கைச் சிறு செலவு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அது லாபத்தைக் குறைப்பதோடு, லாபம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் நாளையும் வெகு தொலைவுக்குத் தள்ளிவிடுகிறது.

இப்போது மறுபக்கம். 100 ஆட்டத்துக்கு 3 பெரிய பிளைண்ட் இழந்துகொண்டிருப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10,000 ஆட்டத்தின் முடிவில் அவர் லாபத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. ஒரு லட்சம் ஆட்டத்துக்குப் பிறகும் அத்தகையவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் லாபத்தில் இருப்பார், தன் திறமையைப் பற்றி எந்த ஐயமும் இல்லாமல். நன்றாக ஆடுபவர் நஷ்டப்படுவதை வேரியன்ஸின் கொடுமை என்று எல்லோரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் அது செய்யும் பெரிய தீங்கு இந்த ஏழாவது ஆளுக்கு நேர்வதுதான்.

அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். தொடக்கக் காலத்தில் 6000 ஆட்டத்தில் பத்து பை-இன் லாபம் பார்த்ததும், நமக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று முடிவு கட்டி இரு மடங்கு பிளைண்ட் மேசைக்கு மாறினேன். லாபம் முழுவதும் போன பிறகுதான் கணக்குப் போட்டேன். 6000 ஆட்டத்தில் சிதறல் ஏறக்குறைய 700 பெரிய பிளைண்ட், அதாவது ஏழு பை-இன். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடும் 13 பேரை உட்கார வைத்தால், அவர்களில் ஒருவர் வெறும் சீட்டின் போக்கிலேயே அந்தப் பத்து பை-இன்னைச் சம்பாதித்திருப்பார்.

விட்டது திரும்பி வராது

‘நீண்டகாலத்தில் எல்லாம் சமமாகிவிடும்’ என்ற பேச்சை எந்த மேசையிலும் கேட்கலாம். பாதி உண்மையான இந்தப் பேச்சு, முழுப் பொய்யைவிட அதிகக் கேடு செய்கிறது. சீட்டுக் கட்டுக்கு நினைவு கிடையாது. இதுவரை 1500 பெரிய பிளைண்ட் துரதிர்ஷ்டத்தால் இழந்த ஒருவருக்கு அதை ஈடுகட்டும் நல்ல சீட்டு எங்கும் காத்திருப்பதில்லை. இன்றிலிருந்து அவருடைய எதிர்பார்ப்பு, மற்றவர்களைப் போலவே, அவருடைய வெற்றி வீதம் மட்டுமே. மேலே உள்ள கணக்கையே மறுபடி பாருங்கள். 10,000 ஆட்டத்தில் 900 ஆக இருந்த சிதறல் ஒரு லட்சத்தில் 2850 ஆகிறது. தொகையாகப் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடிக்கொண்டேதான் போகிறது. அதை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியாகப் பார்க்கும்போதுதான் சுருங்குகிறது. பழைய இழப்பு அப்படியே கிடக்கும். புதிய ஆட்டங்கள் அதைச் சிறிதாகக் காட்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்து ஒப்புக்கொள்வது எளிது. கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் தங்கும். எக்ஸெலில் ஒரு புதிய தாளைத் திறந்து, முதல் நெடுவரிசையில் நார்ம்.இன்வ் என்ற சார்பை இட்டு, அதற்குள் ராண்ட் சார்பு, 5, 90 என்ற மூன்றையும் கொடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நூறு ஆட்டத்தின் முடிவு. அதை 1000 வரிசைக்கு இழுத்துவிட்டால் ஒரு லட்சம் ஆட்டம். இரண்டாம் நெடுவரிசையில் தொடர் கூட்டுத்தொகையை எடுத்து, அதற்கு ஒரு கோட்டு வரைபடம் போடுங்கள். பிறகு எஃப்9 விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும், அதே திறமை கொண்ட அதே ஆட்டக்காரருக்கு ஒரு புதிய ஒன்றரை ஆண்டு வாழ்க்கை வரும். இருபது முப்பது முறை அழுத்திப் பார்த்தால், உச்சியிலிருந்து 20 பை-இன் அளவுக்குக் கீழிறங்கும் சரிவு அபூர்வமே அல்ல, பெரும்பாலான வரைபடங்களில் அதையொத்த ஒன்று இருக்கிறது என்பது தெரியும். பிறகு 5-ஐ எடுத்துவிட்டு எதிர்க்குறியோடு 3 போட்டு அழுத்துங்கள். நடுநடுவே மேலேறும் அழகான கோடுகளும் வரும். எந்தக் கோடு எந்த எண்ணிலிருந்து வந்தது என்று ஒரு நண்பரிடம் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஆய்வாளர்கள் சிதறலைக் கட்டிய விதம்

2015-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ரிவர்ஸ் கேசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான கிளாடிகோ என்ற நிரலோடு நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒருவருக்கு ஒருவராக 80,000 ஆட்டம் ஆடினார்கள். முடிவில் மனிதர்கள் 7,32,713 டாலர் அளவுக்குச் சில்லுகளில் முன்னணியில் இருந்தார்கள். 100 ஆட்டத்துக்கு 9 பெரிய பிளைண்டுக்கு மேல் வருகிறது. அப்படியிருந்தும், 95 விழுக்காடு உறுதி என்ற அளவுகோலுக்கு அது எட்டாததால், புள்ளியியல்படி இதைச் சமநிலை என்றே பல்கலைக்கழகத் தரப்பு அறிவித்தது. தோற்றவர் சொல்லும் சாக்கு என்று ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தது இயல்புதான். ஆனால் 80,000 ஆட்டமும் அத்தனை பெரிய இடைவெளியும் போதாமல் போயின என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதிலும் அந்தப் போட்டி வேரியன்ஸைக் குறைக்கும் ஏற்பாட்டோடு நடந்தது. ஒரு ஆட்டக்காரருக்கு எந்தச் சீட்டு போடப்பட்டதோ, அதே சீட்டு வேறோர் அறையில் அவருடைய கூட்டாளிக்கு எதிராக ஆடும் நிரலுக்குப் போடப்பட்டது. ஒருவருக்கு நல்ல சீட்டாக வந்தால் கூட்டாளிக்கு எதிராகவும் அதே நல்ல சீட்டு நிற்கும். சீட்டின் அதிர்ஷ்டம் பெருமளவு கழிந்துவிடும். 2017 ஜனவரியில் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ், அதே இடத்தில் 20 நாட்களில் 1,20,000 ஆட்டம் ஆடி, 17,66,250 டாலர் சில்லுகளோடு நான்கு மனிதர்களை வென்றது. 100 ஆட்டத்துக்கு 14.7 பெரிய பிளைண்ட் என்ற அந்த வேகத்தில்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

உங்கள் மேசையில் இப்படி இரட்டைச் சீட்டு போட யாரும் வரமாட்டார்கள். உங்களுக்கு அகப்படும் ஒரே கருவி, மென்பொருள்கள் காட்டும் ஆல்-இன் எதிர்பார்ப்புக் கோடு. ரிவர் எனப்படும் ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டுக்கு முன்பே ஆல்-இன் ஆன ஆட்டங்களில், விழுந்த சீட்டை விட்டுவிட்டு, அந்த நேரத்து வெற்றி வாய்ப்பின்படி பணத்தைப் பங்கிட்டுக் காட்டும் கோடு அது. ஏஸ்–கிங் ஆட்டத்தில் தோற்றாலும் அதில் 64 லாபமாகவே பதிவாகும். பயனுள்ளதுதான், ஆனால் அதைத் ‘தகுதிக்கு உரிய லாபம்’ என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கையில் கிங் ஜோடியும் எதிரே ஏஸ் ஜோடியும் வந்ததே அதிர்ஷ்டக்கேடுதான். அந்தக் கோட்டுக்கு அது தெரியாது, 64 நஷ்டம் என்றே எழுதும்.

கைமுதல் எவ்வளவு வேண்டும்

ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிவைத்த கைமுதல் முழுவதும் தீர்ந்துபோகும் வாய்ப்பைக் கணிக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு. வெற்றி வீதத்தை இரண்டால் பெருக்கி, அதைப் பெரிய பிளைண்ட் கணக்கிலான கைமுதலால் பெருக்கி, திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, வரும் விடைக்கு எதிர்க்குறியிட்டு, எக்ஸெலின் எக்ஸ்ப் சார்புக்குள் கொடுத்தால் வாய்ப்பு வந்துவிடும். நம் ஆட்டக்காரர் பத்து பை-இன் வைத்திருந்தால் அது 29 விழுக்காடு; இருபது வைத்திருந்தால் 8.5, முப்பதில் 2.5; ஐம்பதில் வெறும் 0.2.

சூத்திரம் துல்லியமானதுதான், நாம் அதற்குக் கொடுக்கும் வெற்றி வீதம்தான் துல்லியமற்றது. 5 என்று நினைத்தவருக்கு உண்மையில் 2.5-தான் என்றால், இருபது பை-இன்னோடு உட்கார்ந்த அவருக்கு ஆபத்து 8.5 அல்ல, 29 விழுக்காடு. ஆகவே கணக்கில் தெரியும் வீதத்தைப் பாதியாக்கிக்கொண்டு சூத்திரத்தில் போடுவதே என் பழக்கம். அப்படிப் போட்டால் ஐம்பது பை-இன்னிலும் 4.6 விழுக்காடு ஆபத்து இருக்கிறது. லாபத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுப்பவர் அந்தத் தொகையை வெற்றி வீதத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். வரும் லாபம் முழுவதையும் எடுத்துவிடுபவருக்கும், உண்மையில் நஷ்டத்தில் ஆடுபவருக்கும், எவ்வளவு பெரிய கைமுதலும் ஒரு நாள் தீர்ந்தே போகும். அந்தப் பணம் வாடகையோ பள்ளிக் கட்டணமோ கடனோ ஆக இருந்தால் இந்தச் சூத்திரம் எதற்கும் உதவாது. அதை மேசைக்கே கொண்டுபோகக் கூடாது.

போட்டித்தொடர்களில் நிலைமை இன்னும் கடுமை. ஆயிரம் பேர் ஆடும் ஒரு போட்டியில், சராசரி ஆளைவிட இரு மடங்கு வெல்லக்கூடியவருக்கு முதலிடம் வாய்ப்பது 500-க்கு ஒரு முறை. அவர் அப்படிப்பட்ட 500 போட்டிகளில் கலந்துகொண்டாலும், ஒன்றில்கூட முதலிடம் வராமல் போவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை ஜானி சான் 1987-லும் 1988-லும் அடுத்தடுத்து வென்றார். ஆடியவர்கள் முறையே 152, 167 பேர். அதன்பின் எவரும் அடுத்தடுத்து வென்றதில்லை. 2023-இல் அந்தப் போட்டியில் 10,043 பேர் ஆடினார்கள் என்பதைப் பார்த்தால், திறமை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முடிவை மூடிவைத்து ஆட்டத்தைப் பாருங்கள்

பணம் உண்மையைச் சொல்ல இவ்வளவு காலம் எடுக்கிறது என்றால், இன்றிரவு ஆடியது சரியா என்று அறிய வேறு வழி வேண்டும். ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் மூன்று ஆட்டங்களை எடுத்து, எடுத்த முடிவை மட்டும் கணக்குப் போடுவதே அந்த வழி. ஓர் எடுத்துக்காட்டு. ஃப்ளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்தபோது பாட்டில் 100 இருந்தது. எதிரே இருப்பவர் தன்னிடம் மீதமிருந்த 60-ஐயும் போட்டு ஆல்-இன் சென்றார். உங்கள் கையிலும் ஃப்ளாப்பிலும் சேர்த்து நான்கு இஸ்பேடு இருக்கிறது. இன்னொரு இஸ்பேடு விழுந்தால் ஒரே குறியில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். மீதமுள்ள ஒன்பது இஸ்பேடுகளில் ஒன்று டர்ன் எனப்படும் நான்காவது சீட்டிலோ ரிவரிலோ விழுவதற்கான வாய்ப்பு 35 விழுக்காடு. 160-ஐ வெல்ல 60 போட வேண்டும், 27.3 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலே அதற்குப் போதும். எனவே கால் செய்தது, அதாவது அந்த 60-ஐப் போட்டு ஆட்டத்தில் நின்றது, சரி. அந்த ஒரு முடிவின் மதிப்பு 17 லாபம். மூன்றில் இரண்டு முறை நீங்கள் 60-ஐ இழந்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள்.

இதை எழுதும்போது ஆட்டத்தின் முடிவை அன்றே குறிக்காமல், பாட்டின் அளவு, கேட்கப்பட்ட தொகை, எதிராளியிடம் என்ன இருக்கும் என்று அப்போது நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் யார் வென்றார்கள் என்பது பெரும்பாலும் மறந்திருக்கும். என் நோட்டில் முடிவுக்கான கட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கால் சரியா தவறா என்று பென்சிலால் குறித்த பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறேன்.